சிறு வானூர்தி விளக்கு இணைப்பிகள்

சிறு வானூர்தி விளக்கு இணைப்பிகள் என்பவை, சிறு வானூர்திகளின் இறக்கை நுனி, எஞ்சின் மூடி, வால் நுனி முதலிய கழற்றக்கூடிய உறுப்புகளில் பொருத்தப்பட்டுள்ள விளக்குகளை வானூர்தியின் மின்கம்பித் தொகுதியுடன் இணைக்கவும், தேவையானபோது பிரிக்கவும் பயன்படும் மின் இணைப்பிகள் ஆகும். பட்டறை வழக்கில் இவை கனெக்டர் என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றைத் தெரிவு செய்யும்போது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை முறை கழற்றி மாட்டப்படும், எவ்வளவு அதிர்வைத் தாங்க வேண்டும், பிரித்த நிலையில் எந்தப் பக்கத்தில் மின்னழுத்தம் இருக்கும், மின்னோட்டம் எவ்வழியாகத் திரும்புகிறது ஆகியவையும் கருதப்பட வேண்டும்.

கோயம்புத்தூரையும் சேலத்தையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில் வானூர்திப் பராமரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இப்பகுதியில் வானூர்திப் பொறியியல் பயிலும் மாணவர்கள் பராமரிப்புக் கூடத்தில் முதலில் கையாளும் உறுப்புகளுள் இவ்விணைப்பிகளும் அடங்கும்.

கழற்றப்படும் விளக்குகள்

சிறு வானூர்திகளில் பொதுவாக மூன்று வகை வெளிவிளக்குகள் உள்ளன.

வழிகாண் விளக்குகள்: இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது இறக்கை நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பும் பச்சையும் முன்பக்கத்திலிருந்து தத்தம் பக்கமாக 110 பாகை அளவுக்கும், வால் விளக்கு பின்புறமாக 140 பாகை அளவுக்கும் தெரிய வேண்டும். இம்மூன்றும் சேர்ந்து 360 பாகையை நிரப்புகின்றன. இவற்றின் நிறத்தைக் கொண்டே, இருளில் எதிரே தெரியும் வானூர்தி எத்திசையில் செல்கிறது என்பதை மற்றொரு வானோடி அறிகிறார்.

மோதல் தவிர்ப்பு விளக்குகள்: விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள். பழைய வானூர்திகளில் செனான் வாயுக் குழாய்களும், புதியவற்றில் ஒளியுமிழ் இருமுனையங்களும் (எல்.ஈ.டி.) பயன்படுகின்றன.

தரையிறங்கு விளக்கு: ஓடுபாதையை ஒளியூட்டுவது. பழைய வானூர்திகளில் 100 வாட்டு அளவிலான அடைப்பு ஒளிக்கற்றை விளக்குகள் பரவலாக இருந்தன.

இவ்விளக்குகள் பெரும்பாலும் அடிக்கடி கழற்றப்படும் உறுப்புகளின் மீதே அமைந்துள்ளன. பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 வகையின் பல படிவங்களில், தரையிறங்கு விளக்கு கவுலிங் எனப்படும் எஞ்சின் மூடியின் முன்பகுதியில் உள்ளது. எஞ்சினைப் பார்வையிட மூடியை இறக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கின் கம்பியையும் பிரிக்க வேண்டும். ஆண்டுக்கு 600 மணி நேரம் பறக்கும் ஒரு பயிற்சி வானூர்தியை எடுத்துக்கொள்வோம். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற மூடி இறக்கப்பட்டால், ஆண்டுக்கு 12 தடவை அந்த இணைப்பு பிரிக்கப்படும். இடையில் வரும் பழுதுகளையும் சேர்த்தால் பத்தாண்டுகளில் இவ்வெண்ணிக்கை 120ஐத் தாண்டிவிடும். வண்டியில் ஏற்றிச் செல்வதற்காக இறக்கைகள் கழற்றப்படும் மிதவை வானூர்திகளிலும் நுண்ணிலகு வானூர்திகளிலும் இது இன்னும் கூடுதலாக இருக்கும்.

இரு முரண்பட்ட தேவைகள்

இச்சிக்கலின் தன்மையைக் கொங்கு நாட்டில் அன்றாடம் காணும் இரு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்கலாம்.

தேர்த்திருவிழாவில் தெருவெங்கும் கட்டப்படும் சீரியல் விளக்குகளின் இணைப்புகள் எளிதில் பிரிக்கக்கூடியவை. திருவிழா முடிந்ததும் அவை கழற்றிச் சுருட்டப்படுகின்றன. காற்றில் ஓர் இணைப்பு நழுவினால் ஒரு சரம் அணையும், அவ்வளவே. ஏணியில் ஏறி மீண்டும் பொருத்திவிடலாம். இதற்கு மறுகோடியில் உள்ளது ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் இணைப்பு. அது நீர் புகாதவாறு பலமுறை சுற்றி மூடப்படுகிறது. மோட்டாரை மேலே தூக்கும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. பிரிக்க வேண்டுமானால் வெட்டியெடுக்க வேண்டும்.

வானூர்தி விளக்கின் இணைப்பு இவ்விரண்டின் இயல்பையும் ஒருங்கே பெற்றிருக்க வேண்டும். பராமரிப்பாளர் விரும்பும்போது அது எளிதில் பிரிய வேண்டும். அவர் விரும்பாதபோது அதிர்வு, மழை, வெப்பம் எதனாலும் பிரியக்கூடாது. இறுக்கமான இணைப்பைப் பிரிக்கக் கம்பியைப் பிடித்து இழுப்பது, தளர்ந்த இணைப்பின் மேல் நாடாவைச் சுற்றிச் சமாளிப்பது ஆகிய இரு வழக்கங்களும் தவறான தெரிவின் விளைவுகளே ஆகும்.

தெரிவுக்கான அளவைகள்

மின்னோட்டமும் தொடுமின்தடையும்

விளக்கின் திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 13 வோல்ட்டில் இயங்கும் 100 வாட்டு விளக்கு ஏறத்தாழ 7.7 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 14 வோல்ட்டில் இயங்கும் 30 வாட்டு எல்.ஈ.டி. விளக்குக்கு ஏறத்தாழ 2.1 ஆம்பியர் போதும்.

இணைப்பியின் இரு தொடுமுனைகளும் சேரும் இடத்தில் சிறு மின்தடை உண்டு. நல்ல நிலையில் இது சில மில்லி ஓம் மட்டுமே. 7.7 ஆம்பியர் பாயும்போது 5 மில்லி ஓம் மின்தடையில் ஏறத்தாழ 0.3 வாட்டு வெப்பம் உண்டாகும், இதனால் தீங்கில்லை. துருவேறிய அல்லது தளர்ந்த தொடுமுனையில் மின்தடை 100 மில்லி ஓமாக உயர்ந்தால், அதே மின்னோட்டத்தில் வெப்பம் ஏறத்தாழ 5.9 வாட்டு ஆகிறது. விரல்நுனி அளவுள்ள நெகிழிக் கூட்டுக்குள் இவ்வெப்பம் தொடர்ந்து உண்டானால் கூடு உருகும். தொடுமுனையின் வில் தன்மை குறையும். மின்தடை மேலும் உயரும். இதில் உருகியும் (பியூஸ்) துணைக்கு வராது. மின்தடை உயரும்போது மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகிறது. ஆகவே உருகி அறுபடாது.

எல்.ஈ.டி. விளக்கின் 2.1 ஆம்பியரில், அதே 100 மில்லி ஓம் மின்தடை 0.45 வாட்டு வெப்பத்தையே தரும். விளக்கை எல்.ஈ.டி. வகைக்கு மாற்றுவது இணைப்பியின் சுமையையும் குறைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

கழற்றல் எண்ணிக்கை

ஒவ்வோர் இணைப்பிக்கும் எத்தனை முறை கழற்றி மாட்டலாம் என்னும் வரம்பைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். தகரப் பூச்சுள்ள மலிவான நெகிழி இணைப்பிகளுக்கு இது சில பத்துத் தடவைகளே. படைத்துறைத் தரமுள்ள வட்ட இணைப்பிகளுக்கு 500 தடவைகள் வரை இருக்கும். மேலே கண்ட பயிற்சி வானூர்தியின் எஞ்சின் மூடியில் முதல் வகையைப் பொருத்தினால், அது சில ஆண்டுகளிலேயே தன் வரம்பைக் கடந்துவிடும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் இறக்கை நுனியில் அதே இணைப்பி நெடுங்காலம் உழைக்கக்கூடும்.

அதிர்வு

தொடுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று மிக நுண்ணிய அளவில் உராய்ந்துகொண்டிருந்தால், தகரப் பூச்சு தேய்ந்து ஆக்சைடுத் துகளாகச் சேரும். இது உராய்வு அரிமானம் எனப்படும். எஞ்சினுக்கு அருகிலுள்ள இணைப்பிகளில் இது விரைவாக நிகழும். தங்கப் பூச்சுள்ள தொடுமுனைகள் இதனைப் பெரிதும் தாங்குகின்றன. ஒரு பக்கம் தங்கமும் மறுபக்கம் தகரமுமாக இணைப்பது தவிர்க்கப்பட வேண்டும். இருபுறமும் ஒரே பூச்சு இருத்தல் வேண்டும்.

உராய்வால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்பி போதுமானதன்று. பூட்டும் கொக்கி, திருகு வளையம், சுழற்றிப் பூட்டும் வளையம் ஆகியவற்றுள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கம்பியின் இழுவிசை தொடுமுனையைச் சேராதவாறு, இணைப்பிக்கு அருகில் கம்பி கவ்வியால் தாங்கப்பட வேண்டும்.

மின்னழுத்தமுள்ள பக்கம்

மின்கலத்திலிருந்து வரும் பக்கத்தில் குழித் தொடுமுனைகளும், விளக்கின் பக்கத்தில் ஊசித் தொடுமுனைகளும் அமைய வேண்டும். இது வானூர்தி மின்கம்பி வேலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. விளக்கு கழற்றப்பட்டிருக்கும்போது யாரேனும் ஆளியைப் போட்டாலும், குழிக்குள் மறைந்திருக்கும் தொடுமுனை உலோகச் சட்டத்தில் படாது. மாற்றி அமைத்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி எஞ்சினின் உலோகப் பகுதியைத் தொட்டுப் பொறி பறக்கும். எரிபொருள் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் அப்பொறி ஒன்றே போதும்.

ஈரம்

இணைப்பியை நோக்கிக் கம்பி மேலிருந்து கீழே இறங்கினால், மழைநீர் கம்பி வழியே இணைப்பிக்குள் செல்லும். கம்பியை ஒரு வளைவாகத் தாழ்த்தி, பின்னர் மேலேற்றி இணைப்பியில் சேர்த்தால், நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். எளிய வளைவான இது, விலை மிகுந்த நீர்த்தடுப்பு இணைப்பியின் ஆயுளையும் நீட்டிக்கும்.

தவறாகப் பொருந்தாமை

ஓர் இறக்கை நுனியில் வழிகாண் விளக்கு, மோதல் தவிர்ப்பு விளக்கு, தரையிறங்கு விளக்கு ஆகிய மூன்றும் இருக்கலாம். அவற்றின் இணைப்பிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத வடிவிலோ, வெவ்வேறு எண்ணிக்கையிலான முனைகளுடனோ இருக்க வேண்டும். அடையாளச் சீட்டை மட்டும் நம்பக்கூடாது. சீட்டுகள் எண்ணெயில் ஊறி உதிரக்கூடியவை.

கழற்றிய விளக்கொன்று தவறாக மீண்டும் பொருத்தப்பட்டதன் விளைவுக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு பெரிய வானூர்தியினுடையது. 1972 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் மயாமி நகருக்கு அருகில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்னும் பறப்பு தரையில் மோதியது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. வானோடிகள் அவ்விளக்கின் கூட்டைக் கழற்றி மீண்டும் பொருத்த முயன்றபோது அது தவறான நிலையில் சிக்கிக்கொண்டது. அனைவரது கவனமும் அதன்மேல் இருக்க, தானியங்கிக் கருவியின் உயரக் காப்பு விடுபட்டதை எவரும் உணரவில்லை. வானூர்தியில் இருந்த 176 பேரில் 101 பேர் உயிரிழந்தனர். விளக்குக் குமிழ்கள் எரிந்துபோயிருந்தன. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. விபத்துக்கு அக்கூடு மட்டுமே காரணமன்று. எனினும், கழற்றி மாட்டும் உறுப்பு ஒரே நிலையில் மட்டும் பொருந்துமாறு அமைய வேண்டும் என்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

இணைப்பி வகைகள்

கத்தி இணைப்பு: ஒரே வடிவமுள்ள இரு தட்டையான கொக்கிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் வகை. மேலே மின்காப்பு உறை இடப்பட்டு, நூலால் கட்டப்படுகிறது. சிறு வானூர்திகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. மலிவானது, எடை குறைந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும். உறையை மறந்தால் உலோகம் வெளியே தெரியும்.

வளைய லக்கும் திருகாணியும்: இரு வளைய லக்குகளைத் திருகாணி, பூட்டு மரையாணி ஆகியவற்றால் சேர்த்து உறையிடுவது. மின்தடை மிகக் குறைவு. கழற்றக் கருவியும் நேரமும் வேண்டும். அரிதாகக் கழற்றப்படும், மின்னோட்டம் மிகுந்த இணைப்புகளுக்கு ஏற்றது.

நெகிழிக் கூட்டு இணைப்பிகள்: மோலெக்ஸ், மேட்-என்-லாக் முதலிய பெயர்களில் அறியப்படுபவை. செனான் மோதல் தவிர்ப்பு விளக்குகளில் மூன்று முனை கொண்டவை வழக்கத்தில் உள்ளன. நீர்த்தடுப்பு இல்லாதவை, கழற்றல் வரம்பு குறைவு.

அடைப்புள்ள வாகன இணைப்பிகள்: டாய்ச் டி.டி. வகை இதற்கு எடுத்துக்காட்டு. சிலிக்கோன் அடைப்பு வளையங்களும் பூட்டுக் கொக்கியும் உடையது. 16ஆம் அளவுத் தொடுமுனைகள் 13 ஆம்பியர் வரை தாங்கும். கழற்றல் வரம்பு 100 தடவைகள். கனரக வாகனங்களுக்காக உருவான இவ்வகை, சொந்தமாகக் கட்டப்படும் சிறு வானூர்திகளிலும் இடம்பெறுகிறது.

டி வடிவ நுண் இணைப்பிகள்: கணினியின் பின்புறத்தில் முன்னாளில் காணப்பட்ட வகையே. தங்கப் பூச்சுள்ள கடைந்தெடுத்த ஊசிகளைக் கொண்டவை நம்பகமானவை. ஒரு முனைக்கு 5 ஆம்பியர் அளவே ஏற்றது, எனவே எல்.ஈ.டி. விளக்குகளுக்குப் பொருந்தும். இருபுறத் திருகுகளாலும் பூட்டப்பட வேண்டும்.

வட்ட இணைப்பிகள்: 5015, 26482, 38999 ஆகிய அமெரிக்கப் படைத்துறை எண்களால் அறியப்படுபவை. 38999 வகையின் மூன்றாம் தொடர், ஒரு முழுச் சுற்றில் பூட்டிக்கொண்டு அதிர்வில் தளராத பற்சக்கர வளையம் உடையது. தரத்தில் மேலானது, விலையிலும் மேலானது.

தவிர்க்க வேண்டியவை: கம்பிகளை முறுக்கி மின்காப்பு நாடா சுற்றுதல், வீட்டு மின்வேலையில் பயன்படும் திருகுக் கட்டைகள், பூட்டில்லாத தட்டைச் செருகு லக்குகள், இருசக்கர வண்டிகளில் காணப்படும் குண்டு வடிவச் செருகிகள் ஆகியவை வானூர்தி வெளிவிளக்குகளுக்கு ஏற்றவையல்ல.

கம்பியும் கிரிம்ப்பிங்கும்

இணைப்பி எவ்வளவு உயர்ந்ததாயினும், கம்பி தொடுமுனையில் சேரும் இடமே பெரும்பாலும் முதலில் பழுதடைகிறது. வானூர்திகளில் தகரம் பூசிய பல இழைச் செம்புக் கம்பியின் மீது ஈ.டி.எப்.ஈ. என்னும் புளோரின் நெகிழி உறை இட்ட கம்பி (எம்22759/16) பரவலாகப் பயன்படுகிறது. இது 150 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 600 வோல்ட்டு மின்னழுத்தத்தையும் தாங்கும். வீட்டு மின்கம்பிகளின் பி.வி.சி. உறை எரியும்போது அடர்ந்த நச்சுப்புகை வெளிப்படும் என்பதால் வானூர்திகளில் அது தவிர்க்கப்படுகிறது.

தொடுமுனையைக் கம்பியின் மீது அழுத்திப் பிணைப்பது கிரிம்ப்பிங் எனப்படும். முழு அழுத்தமும் பெறாமல் விடுபடாத பற்சட்ட இடுக்கியால் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். சாதாரண இடுக்கியால் நசுக்கிய இணைப்பு கண்ணுக்கு நன்றாகத் தோன்றும். உள்ளே இழைகளுக்கிடையில் காற்று இருக்கும். பற்றவைத்தால் உறுதியாகும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஈயம் ஊறிய பகுதி விறைத்து, அது முடியும் இடத்தில் கம்பி அதிர்வால் ஒடிகிறது.

செய்முறை சரியா என்பதை மாதிரித் துண்டு ஒன்றை இழுத்துச் சோதிக்கலாம். லக்குகளுக்கான தரத்தின்படி, அமெரிக்கக் கம்பி அளவு 20 உள்ள கம்பியின் கிரிம்ப் ஏறத்தாழ 85 நியூட்டன் இழுவிசையையும், அளவு 18 ஏறத்தாழ 169 நியூட்டனையும் தாங்க வேண்டும். அதாவது முறையே 8.6, 17.2 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாலும் கழன்றுவிடக்கூடாது.

செனான் விளக்குகளில் கவனம்

செனான் விளக்குக்கு மின்வழங்கும் பெட்டி, 14 அல்லது 28 வோல்ட்டைப் பல நூறு வோல்ட்டுகளாக உயர்த்தி மின்தேக்கியில் சேமிக்கிறது. ஆளியை அணைத்த பின்னரும் அம்மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். எனவே தயாரிப்பாளர் கையேடு குறிப்பிடும் நேரம் கழிந்த பின்னரே இணைப்பியைப் பிரிக்க வேண்டும். இவ்விளக்கின் கம்பிக்கு உலோகக் கவச உறை உண்டு. கவசம் இணைப்பியில் அறுபட்டுப் போகாமல், தனி முனை வழியாகத் தொடர வேண்டும். தவறினால், விளக்கு மின்னும் தாளத்துக்கேற்ப வானோடியின் செவிப்பொறியில் இரைச்சல் கேட்கும்.

கூட்டுப்பொருள் வானூர்திகள்

அலுமினிய உடலுள்ள வானூர்தியில் உடலே மின்னோட்டம் திரும்பும் பாதையாக அமையலாம். விளக்குக்கு ஒரு கம்பி மட்டும் சென்றால் போதும். கண்ணாடி இழை, கரி இழை ஆகியவற்றால் ஆன கூட்டுப்பொருள் உடலை அவ்வாறு பயன்படுத்த இயலாது. பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகங்கள் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் வகைச் சான்று பெற்ற ஹன்சா-3 என்னும் இரு இருக்கைப் பயிற்சி வானூர்தி கூட்டுப்பொருளால் ஆனது. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்.ஜி. 2021இல் முதன்முறையாகப் பறந்தது. தேசிய மாணவர் படைக்காகவும் படைத்துறைக்காகவும் 2015இல் ஒப்பந்தம் செய்யப்பட்ட பிபிஸ்திரெல் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 நுண்ணிலகு வானூர்தியும் அத்தகையதே.

இத்தகைய வானூர்திகளில் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பு கம்பி வேண்டும். அதுவும் இணைப்பியின் வழியாகவே செல்ல வேண்டும். ஆகவே முனைகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. பல விளக்குகளுக்குப் பொதுவான ஒரே திரும்பு முனையை அமைத்தால், அம்முனையில் அனைத்து மின்னோட்டமும் கூடும். அது பழுதானால் எல்லா விளக்குகளும் ஒருசேர அணையும். விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனித் திரும்பு முனை அமைப்பதே பாதுகாப்பானது.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர் பீளமேட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1946 வரை, பிரித்தானியக் கடற்படையின் வானூர்திப் பழுதுபார்ப்புத் தளம் எச்.எம்.எஸ். கருடா என்னும் பெயரில் இயங்கியது. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா 1961இல் சூலூரில் தொடங்கப்பட்டு, 1964இல் கோவாவுக்கு மாற்றப்பட்டது. இன்று சூலூரில் இந்திய வான்படையின் தளமும் பழுதுபார்ப்புக் கிடங்கும் உள்ளன. இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையம் 2022இல் பறப்புப் பயிற்சிப் பள்ளிகளுக்காகத் தெரிவு செய்த ஐந்து நிலையங்களுள் சேலமும் ஒன்று. எனவே இப்பகுதியில் சிறு வானூர்திகளின் பராமரிப்பு இனி முதன்மை பெறும்.

இப்பகுதியின் தட்பவெப்பமும் இணைப்பித் தெரிவைப் பாதிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வலுத்த மேல்காற்று வீசுகிறது. அது புழுதியைக் கொணர்ந்து, திறந்திருக்கும் இணைப்பிகளின் குழிகளில் சேர்க்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வெட்டவெளியில் நிறுத்தப்படும் வானூர்திக்குப் புழுதிக்குப் பின் மழை வருவது குறிப்பிடத்தக்கது. குழியில் படிந்த புழுதி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எனவே பிரித்த இணைப்பியின் இரு பகுதிகளையும் உடனே மூடியிட்டு வைப்பதும், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து துடைப்பதும் நல்ல வழக்கங்களாகும்.

ஒரு தெரிவு: எடுத்துக்காட்டு

14 வோல்ட்டு மின்னமைப்புள்ள, சொந்தமாகக் கட்டப்பட்ட சிறு வானூர்தி ஒன்றின் எஞ்சின் மூடியில் 30 வாட்டு எல்.ஈ.டி. தரையிறங்கு விளக்கு உள்ளதாகக் கொள்வோம். மின்னோட்டம் 2.1 ஆம்பியர். போகவும் வரவுமாகக் கம்பியின் நீளம் 8 மீட்டர். அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் 1998இல் வெளியிட்ட 43.13-1பி என்னும் வழிகாட்டி, 14 வோல்ட்டு அமைப்பில் தொடர்ந்து இயங்கும் கருவிக்கு 0.5 வோல்ட்டு வரையிலான மின்னழுத்த இழப்பை ஏற்கிறது.

கம்பி அளவு 20இன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 33 மில்லி ஓம். 8 மீட்டரில் இழப்பு 0.55 வோல்ட்டு, இது வரம்பைத் தாண்டுகிறது. அளவு 18இன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லி ஓம், இழப்பு 0.35 வோல்ட்டு மட்டுமே. எனவே அளவு 18 தெரிவு செய்யப்படுகிறது.

மூடி ஆண்டுக்கு 12 முறை இறங்கும் என்பதால் நெகிழிக் கூட்டு வகை நீக்கப்படுகிறது. எஞ்சின் அதிர்வும் ஈரமும் இருப்பதால் அடைப்பும் பூட்டும் தேவை. மின்னோட்டம் சிறியது என்பதால் 38999 வகையின் விலையை ஏற்க வேண்டியதில்லை. இரு முனை கொண்ட அடைப்புள்ள வாகன இணைப்பி இதற்குப் பொருந்தும். அதன் வரம்பு 100 தடவைகள். ஆகவே எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதிதாக மாற்றுவது என்று பதிவேட்டில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். குழித் தொடுமுனைகள் எஞ்சின் பக்கத்திலும், ஊசித் தொடுமுனைகள் மூடியின் பக்கத்திலும் அமையும்.

சோதனை

விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு நன்றாக உள்ளது என்று கொள்ளக்கூடாது. விளக்கு எரியும்போது, இணைப்பியின் இருபுறமும் பல்லளவி (மல்டிமீட்டர்) கொண்டு மில்லி வோல்ட்டு அளவில் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கலாம். 2.1 ஆம்பியர் பாயும்போது 10 மில்லி வோல்ட்டு காட்டினால், மின்தடை ஏறத்தாழ 5 மில்லி ஓம் ஆகும். பொருத்திய நாளில் கிடைத்த அளவை எழுதிவைத்து, ஒவ்வொரு பார்வையிடலின்போதும் ஒப்பிட வேண்டும். அளவு படிப்படியாக உயர்வது, விளக்கு அணைவதற்கு நெடுநாள் முன்னரே பழுதை அறிவிக்கும். நிறம் மாறிய நெகிழி, பச்சை படிந்த செம்பு, தளர்ந்த பூட்டு ஆகியவை கண்ணால் காணக்கூடிய அறிகுறிகள்.

சட்டநிலை

இந்தியாவில் வகைச் சான்று பெற்ற வானூர்தியில் இணைப்பியை விருப்பம்போல் மாற்ற இயலாது. குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளின்படி, பராமரிப்புக் கையேடு அல்லது ஒப்புதல் பெற்ற தரவுகளின்படியே பணி செய்யப்பட வேண்டும். உறுப்புகள் உரிய சான்றுடன் பெறப்பட வேண்டும். உரிமம் பெற்ற வானூர்திப் பராமரிப்புப் பொறியாளர் பணியைச் சான்றளிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய வாயுயான் அதிநியம், 2024 என்னும் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மேலே காட்டிய தெரிவு முறை, கையேடு ஏன் குறிப்பிட்ட ஓர் இணைப்பியைக் கூறுகிறது என்பதை மாணவர் விளங்கிக்கொள்ள உதவும், கையேட்டுக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்கவும்

வழிகாண் விளக்கு
மின் இணைப்பி
தொடுமின்தடை
ஹன்சா-3
சூலூர் வான்படைத் தளம்
சேலம் வானூர்தி நிலையம்